புதிதாகக் கட்டிய பழைய என்ஜின் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

கார்புரேட்டரும், பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும், வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ்ராடும் கொண்ட பழைய காரின் என்ஜினைப் பிரித்து, போரை (பிஸ்டன் ஓடும் துளையை) பெரிதாக்கி, ஹெட்டை ஃபேஸிங் செய்து (அடிப்பரப்பைச் சீவி மட்டப்படுத்தி), வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டையும் மாற்றிப் பூட்டியாகிவிட்டது. முன்பைவிடத் துடிப்பாக ஓட வேண்டிய வண்டி இருமுகிறது, புகைகிறது, தட்டுகிறது, அல்லது கிளம்பவே மறுக்கிறது. இனி எங்கே கை வைப்பது?

முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம்), அடுத்து வால்வ் இடைவெளி, அதன்பின் இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்), கடைசியில்தான் கார்புரேட்டர். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கார்புரேட்டர் மேலே இருக்கிறது, திருகு கைக்கு எட்டுகிறது, வேறு காரணம் எதுவும் இல்லை. டைமிங் தவறிய என்ஜினில் கார்புரேட்டரைத் திருகினால் ஒரு பிழை இன்னொரு பிழையை மூடிக்கொள்ளும். பிறகு இரண்டையும் பிரித்தறியப் பாதி நாள் போய்விடும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் ஓடும் என்ஜின் தன் ஆயுளின் பெரும்பகுதியை நிமிடத்துக்கு 1500 முதல் 4000 சுற்றுக்குள்தான் கழிக்கிறது. அதற்குள் 6500 சுற்றுக்கு வடிவமைத்த கேம்ஷாஃப்ட், அதற்கும் மேலே ஒரு பெரிய கார்புரேட்டர், கீழே பழைய கம்ப்ரஷன் என்று சேர்த்துவிட்டால், ஒவ்வொரு பாகமும் தனித்தனியே நல்ல பாகமாக இருந்தும் வண்டி மந்தமாகத்தான் ஓடும். கீழே வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒவ்வாமையிலிருந்து பிறப்பவை. எனவே கேம்ஷாஃப்டுடன் வந்த அளவுச் சீட்டையும், லேத் பட்டறையில் எடுத்த அளவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அளவுகளை எழுதி வாங்கவில்லை என்றால், சோதனைகளில் சிலவற்றை நீங்களே பிரித்து அளந்துதான் முடிக்க வேண்டியிருக்கும்.

ஸ்டார்ட் ஆகவில்லை, கார்புரேட்டர் வழியே தீ கக்குகிறது

டிஸ்ட்ரிபியூட்டர் நேர் எதிராக, அதாவது அரைச் சுற்று மாறிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை உச்சிக்கு வருகிறது. ஒன்று கம்ப்ரஷன் முடிவில், மற்றொன்று எக்ஸாஸ்ட் முடிவில். புல்லியில் உள்ள குறி இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும், ஆகவே குறியை மட்டும் நம்ப முடியாது. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு, என்ஜினை ஸ்பேனரால் கையால் சுற்றுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறும் சுற்றுதான் கம்ப்ரஷன். அதே சுற்றில் குறி நேராக வரும்போது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் முதல் சிலிண்டர் வயருக்கு நேரே நிற்க வேண்டும்.

இந்தத் தவறு வருவதற்கு ஒரு வழி உண்டு. டைமிங் செயின் பூட்டும்போது இரண்டு பல்சக்கரங்களின் புள்ளிகளையும் எதிரெதிரே வைக்கிறோம். பல என்ஜின்களில் அந்த நிலையில் முதல் சிலிண்டர் எக்ஸாஸ்ட் முடிவில்தான் இருக்கிறது. வெடிக்கத் தயாராக இருப்பது அதன் இணை சிலிண்டர். புள்ளிகள் நேராக இருக்கின்றனவே என்று அப்படியே டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினால் அரைச் சுற்று மாறிவிடும்.

அது சரியென்றால் வயர் வரிசை. நான்கு சிலிண்டர் என்ஜின்களில் பெரும்பாலும் 1-3-4-2, நேர் ஆறில் 1-5-3-6-2-4. டிஸ்ட்ரிபியூட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வயரைச் செருகுங்கள்.

வரிசையும் சரி, ஸ்பார்க்கும் வருகிறது, ஆனாலும் கிளம்பவில்லை. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன் பாருங்கள். எல்லாச் சிலிண்டரிலும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் செயின் ஒரு பல் தள்ளியிருக்கலாம். அல்லது ஹெட்டை ஃபேஸிங் செய்ததால் வந்த பக்க விளைவாக இருக்கலாம்: ஹெட் கீழே இறங்கியது, புஷ்ராட் பழைய நீளத்திலேயே இருக்கிறது, கேமுக்கும் புஷ்ராடுக்கும் இடையே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பெட் முழுதாக அமுங்கி வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் கம்ப்ரஷன் கொஞ்சம் குறைவாகவே காட்டும், அது பிழையல்ல. சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எதுவானாலும், கிளம்பாத புது என்ஜினைச் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். பெட்ரோல் போரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும், கேம்ஷாஃப்டின் மேல் தடவிய பசையும் தேய்ந்து போகும்.

முதல் அரை மணி நேரத்திலேயே டிக் டிக் சத்தம்

தட்டை அடி கொண்ட டேப்பெட்டுகள் உள்ள என்ஜினில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. புதுக் கேம்ஷாஃப்டும் புது டேப்பெட்டும் ஒன்றோடொன்று பழக, கிளம்பியவுடன் ஐடிலிங்கில் விடாமல், 2000 முதல் 2500 சுற்றில் 20 முதல் 30 நிமிடம் வரை சுற்றைச் சற்றே ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். கிராங்க்‌ஷாஃப்ட் சுழன்று தெறிக்கும் எண்ணெய்தான் கேம் மேடுகளுக்குப் போகிறது, ஐடிலிங்கில் அந்தத் தெறிப்பு போதாது. இரட்டை ஸ்பிரிங் உள்ள வால்வுகள் என்றால், இந்தப் பழக்க ஓட்டத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைப்பது நல்லது. எண்ணெயிலும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் போதிய அளவு இருக்க வேண்டும். இன்றைய கார்களுக்கான எண்ணெய்களில், வினையூக்கி மாற்றியைக் காப்பாற்றுவதற்காக அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய என்ஜினுக்கென்றே வரும் எண்ணெயைத் தேடி வாங்குங்கள்.

சத்தம் எந்த வால்வில் என்று கண்டுபிடிக்க, வால்வ் கவரைத் திறந்து ஃபீலர் கேஜால் இடைவெளியை அளங்கள். நேற்று வைத்த இடைவெளி இன்று ஒரே ஒரு வால்வில் மட்டும் கூடியிருந்தால் சந்தேகம் அங்கேதான். ராக்கரை இறுக்கிச் சத்தத்தை அடக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், தேய்மானம் தொடரும். டயல் கேஜை வைத்து ஒவ்வொரு புஷ்ராடும் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். எல்லா இன்டேக்கும் ஒரே அளவு, எல்லா எக்ஸாஸ்டும் ஒரே அளவு உயர வேண்டும். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் அந்த மேடு போய்விட்டது.

உறுதிப்படுத்த ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தூளே உள்ளே விழுந்து குழப்பும், ஆகவே தகடு வெட்டும் சக்கரக் கருவியால் வாயைச் சுற்றித் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை அறுத்தெடுத்து, பிழிந்து, வெள்ளைத் துணியில் விரித்து வெயிலில் பிடியுங்கள். மடிப்புகளின் அடியில் ஒன்றிரண்டு மினுக்குப் பொட்டுகள் இருந்தால் புது ரிங்கும் போரும் உரசியவை, பயமில்லை. காகிதம் முழுவதும் சாம்பல் நிறச் சாந்து பூசியது போல் மினுமினுத்து, அது காந்தத்திலும் ஒட்டினால் கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் அரைபட்டுப் போயிருக்கின்றன. செம்பு நிறமோ, காந்தத்தில் ஒட்டாத வெள்ளிச் செதிலோ என்றால் பேரிங். கேம் தேய்ந்தது என்று தெரிந்தால் குறுக்கு வழி கிடையாது. என்ஜினை முழுவதும் இறக்கி, எண்ணெய்த் துவாரங்கள் அனைத்தையும் கழுவி, கேமையும் எல்லா டேப்பெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய டேப்பெட்டைப் புதுக் கேமின் மேல் வைப்பது அதே வேலையை மறுபடி வரவழைப்பதுதான்.

எண்ணெய் அழுத்தம் குறைவு

டேஷ்போர்டில் உள்ள முள்ளை நம்பி என்ஜினைப் பிரிக்காதீர்கள். இயந்திர கேஜ் ஒன்றைப் பிளாக்கிலேயே நேரடியாக மாட்டிப் பாருங்கள். சூடேறிய என்ஜினில் ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்பது பட்டறைகளில் வழங்கும் கணக்கு. கிளம்பியவுடனே கேஜ் அசையவே இல்லை என்றால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

குளிர்ந்த நிலையிலேயே அழுத்தம் குறைவு என்றால், எண்ணெய் எங்கோ தப்பி ஓடுகிறது அல்லது பம்புக்கு வந்து சேரவில்லை. பிளாக்கைக் கழுவும்போது கழற்றிய எண்ணெய்ப் பாதையின் மூடித் திருகு ஒன்று திரும்ப மாட்டப்படாமல் இருக்கலாம். டைமிங் கவருக்குப் பின்னால் இருக்கும் மூடிதான் அடிக்கடி மறக்கப்படுகிறது. ரிலீஃப் வால்வ் தூசியில் சிக்கித் திறந்தே நிற்கலாம். சம்பை (அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியை) மாற்றியிருந்தால், உறிஞ்சு குழாயின் வாய்க்கும் சம்பின் தரைக்கும் இடையே 6 முதல் 10 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

குளிரில் நன்றாக இருந்து சூட்டில் விழுந்தால் பேரிங் இடைவெளி அதிகம். ஷாஃப்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது நல்ல தொடக்க அளவு: 50 மி.மீ. ஜர்னலுக்கு (ஷாஃப்டில் பேரிங்குக்குள் சுழலும் பகுதிக்கு) 0.05 மி.மீ. இங்கே கெட்டி எண்ணெய் ஊற்றுவதும், அதிகக் கொள்ளளவு பம்ப் மாட்டுவதும் கேஜைத் திருப்திப்படுத்துமே தவிர பேரிங்கைக் காப்பாற்றாது.

அடியில் தட்டல்

பாரம் ஏறும்போது கனமாக, ஆழமாகத் தட்டினால் கனெக்டிங் ராடின் பெரிய முனை. ஐடிலிங்கில் மெல்லிய இரட்டைத் தட்டு என்றால் பிஸ்டன் பின். குளிரில் மட்டும் கேட்டு, சூடேறியதும் மறைந்தால் பிஸ்டன் போரில் ஆடுகிறது. வார்த்தெடுத்த பிஸ்டனுக்குப் பதில் ஃபோர்ஜிங் செய்த பிஸ்டன் போட்டவர்களுக்கு இது சகஜம். அந்தப் பிஸ்டன் சூட்டில் அதிகம் விரிவதால் இடைவெளியைக் கூட்டியே வைக்கிறார்கள்.

எந்தச் சிலிண்டர் என்று அறிய, காப்பிட்ட இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எர்த் செய்யுங்கள். எதை எர்த் செய்தால் சத்தம் குறைகிறதோ அங்கே ராட் பேரிங். உடனே நிறுத்திச் சம்பை இறக்குங்கள். ராட் மூடிகள் ஒன்றோடொன்று இடம் மாறிவிட்டனவா, திருப்பிப் பூட்டப்பட்டனவா என்பதை முதலில் பாருங்கள். ஒவ்வொரு மூடியும் தன் ராடோடு சேர்த்துத் துளையிடப்பட்டது, இன்னொன்றுக்குப் பொருந்தாது.

புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சூடேறிய பிறகும் விடாமல் வெள்ளையாக வந்து, இனிப்பு வாடை அடித்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கட். நீலம்தான் யோசிக்க வைப்பது.

இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை எழுந்தால் வால்வ் கைடும் (வால்வ் தண்டு ஓடும் குழல்) சீலும். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் புகைந்தால் ரிங். V வடிவ என்ஜினில் மூன்றாவது ஒரு வழியும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. ஹெட்டுகளை ஃபேஸிங் செய்தபின் அவை கீழிறங்கி நடுவை நோக்கி நெருங்குகின்றன, இன்டேக் மேனிஃபோல்டு முன்போல் படிந்து உட்காருவதில்லை. அடிப்பக்கத்து விளிம்பு வழியே டேப்பெட் பள்ளத்திலிருந்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மேலே பெட்ரோல் தெளித்துச் சோதிக்கும் பழைய வழக்கத்தால் இது பிடிபடாது, தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம். மேனிஃபோல்டைக் கழற்றி, துவாரங்களின் அடி ஓரம் எண்ணெயில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரிங் என்று முடிவுசெய்யும் முன் ஓட்டிய விதத்தையும் கேளுங்கள். புது ரிங் போரில் படிய அழுத்தம் வேண்டும். கேம் பழக்க ஓட்டம் முடிந்ததும் வண்டியைச் சாலையில் இறக்கி, நடுத்தர வேகத்தில் நன்றாக மிதித்து, பிறகு விட்டு, மறுபடி மிதித்து ஓட்ட வேண்டும். புது என்ஜின் என்று பயந்து மெதுவாகவே ஓட்டினால் ஹோனிங் கோடுகள் (போரின் சுவரில் கீறிய நுண்கோடுகள்) மேல் எண்ணெய் வெந்து கண்ணாடிப் பூச்சாகப் படியும், ரிங் ஒருபோதும் உட்காராது. அப்புறம் மறுபடி ஹோனிங்தான். ரிங் முனை இடைவெளிக்கு, சாலை என்ஜினில் போரின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.004 மி.மீ. என்று கணக்கிடலாம்: 90 மி.மீ. போருக்கு 0.36. ரிங்கில் புள்ளி உள்ள பக்கம் மேலே.

மிதித்தால் கலகலவென்று நாக்கிங்

சக்திக்காகக் கட்டிய என்ஜினைக் கொல்வதில் இதற்குத்தான் முதலிடம். கலவை தானாக வெடிப்பதால் எழும், தகரத்தில் குண்டுமணிகளைக் கொட்டுவது போன்ற இந்தச் சத்தம் தொடர்ந்தால் பிஸ்டன் விளிம்பு உடையும், கேஸ்கட் போகும்.

டைமிங் லைட்டை எடுங்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, 3000 சுற்றுக்கு மேல் மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு எத்தனை டிகிரி முன்பே பொறி விழுகிறது என்பது) எவ்வளவு என்று பாருங்கள். பழைய வகை ஹெட் உள்ள பல என்ஜின்கள் 32 முதல் 36 டிகிரிக்குள் முழுச் சக்தியைத் தந்துவிடும். ஐடிலிங்கில் மட்டும் பார்த்துவிட்டு லைட்டைப் பெட்டியில் வைப்பவர்கள் இந்த எண்ணைத் தெரிந்துகொள்வதே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அட்வான்ஸ் சீக்கிரமே ஏறிவிடும். இரண்டிரண்டு டிகிரியாகக் குறைத்துப் பாருங்கள்.

டைமிங் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லையா? கம்ப்ரஷன் விகிதத்தைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 450 சிசி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 56 சிசி என்றால், 506-ஐ 56-ஆல் வகுக்க 9.0 வருகிறது. ஃபேஸிங்கில் வெறும் 5 சிசி குறைந்தால் 501-ஐ 51-ஆல் வகுக்க வேண்டும்: 9.8. வார்ப்பிரும்பு ஹெட், சாதாரண பெட்ரோல், ஸ்டாக் கேம்ஷாஃப்ட் மூன்றும் சேர்ந்தால் இது தொல்லைக்குள் நுழைந்தாகிவிட்டது. அதே 9.8, இன்டேக் வால்வைத் தாமதமாக மூடும் கேமோடு ஒத்துப்போகலாம். ஏனென்றால் வால்வ் மூடிய பிறகுதான் உண்மையான அமுக்கம் தொடங்குகிறது.

இங்கே பலரும் செய்யும் வைத்தியம், தடித்த கேஸ்கட் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைப்பது. விகிதம் குறைகிறது, நாக்கிங் மட்டும் போவதில்லை. பிஸ்டன் தலையின் தட்டைப் பகுதியும் ஹெட்டின் தட்டைப் பகுதியும் சுமார் 1 மி.மீ. வரை நெருங்கும்போது, இடையில் உள்ள கலவை பிதுங்கிப் பாய்ந்து அறையைக் கலக்குகிறது. தீ வேகமாகப் பரவுகிறது, தானாக வெடிக்க மூலையில் எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த இடைவெளியை 2 மி.மீ. ஆக்கினால் அந்தப் பாய்ச்சலே செத்துவிடும். விகிதத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பிஸ்டன் தலையில் குழி உள்ள பிஸ்டனாக மாற்றுங்கள், அல்லது ஹெட் அறையைக் கடைந்து பெரிதாக்குங்கள். நெருக்கத்தைத் தொடாதீர்கள்.

திடீரென மிதித்தால் மூச்சு வாங்கித் தயங்குகிறது

பெரிய கார்புரேட்டர் என்றால் பெரிய சக்தி என்ற நம்பிக்கை எளிதில் சாவதில்லை. கணக்கைப் பாருங்கள். 5.7 லிட்டர் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன்னை நிரப்புகிறது. 5500 சுற்றில் நிமிடத்துக்கு 15,675 லிட்டர். நடைமுறையில் 85 சதவீதம்தான் நிரம்பும் என்று கொண்டால் சுமார் 13,300 லிட்டர், அதாவது 470 கனஅடி. 600 கனஅடி கார்புரேட்டர் இதற்குத் தாராளம். 750 போட்டால் குறைந்த சுற்றில் துளை வழியே காற்று சோம்பலாக நகரும், பெட்ரோலை இழுத்துச் சிதறடிக்கும் வேகம் இருக்காது.

கார்புரேட்டரை மாற்றும் முன் அணைத்த என்ஜினில் காற்று வடிகட்டியைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்துக்கொண்டே உள்ளே பாருங்கள். அசைந்த கணமே பம்ப் ஜெட்டிலிருந்து பெட்ரோல் பீச்ச வேண்டும். அரை விரற்கடை நகர்ந்த பிறகுதான் வருகிறது என்றால் பம்ப் நெம்புகோலைச் சரிசெய்தாலே தயக்கம் போய்விடும். பிஸ்டன் ஏறி இறங்கும் வகைக் கார்புரேட்டர் என்றால் அதன் குப்பியில் எண்ணெய் வற்றியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஒரு தேக்கரண்டி எண்ணெய்ப் பிரச்சினையாக இருக்கலாம்.

அடுத்து வேக்குவம் கேஜ். ஸ்டாக் என்ஜின் ஐடிலிங்கில் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். கடுமையான கேம் போட்டால் 10-க்கு இறங்கும். கார்புரேட்டரின் பவர் வால்வ் (பாரத்தில் கூடுதல் பெட்ரோல் விடுவது) அதற்கு மேலான அளவில் திறப்பதாக இருந்தால், ஐடிலிங்கிலேயே திறந்து பெட்ரோலைக் கொட்டும், பிளக் கறுக்கும். ஐடிலிங் வேக்குவத்தில் பாதியளவில் திறக்கும் வால்வைப் போடுங்கள். வேக்குவம் இவ்வளவு குறைந்தால் பிரேக் பூஸ்டரும் பலமிழக்கும். மிதி கல்லாக இருக்கிறது என்றால் அந்தக் கேமோடு சாலைக்குப் போகாதீர்கள். தனி வேக்குவம் பம்ப் வையுங்கள், அல்லது மென்மையான கேமுக்கு மாறுங்கள். சாலை வண்டிக்கு இரண்டாவதுதான் என் பரிந்துரை.

மேல் சுற்றில் சக்தியே இல்லை

ஒருவரை உள்ளே உட்காரவைத்து, என்ஜின் அணைந்த நிலையில் மிதியை முழுதாக அழுத்தச் சொல்லி, கார்புரேட்டர் தகடு செங்குத்தாகத் திறக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், முக்கால்வாசியோடு நின்றுவிடும் கம்பிகள் நிறைய. அது சரியென்றால், குறிப்பிட்ட ஒரு சுற்றில் சுவரில் மோதியது போல் நின்று படபடத்தால் வால்வ் ஸ்பிரிங் தளர்ச்சி, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட்டின் ஸ்பிரிங். சீராக ஏறி மெல்ல அடங்கினால் பெட்ரோல் வரத்து, அல்லது பழைய ஒடுங்கிய சைலன்சர். உயரமாகத் திறக்கும் கேம் போட்டவர்கள், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. இருப்பதைக் களிமண் உருண்டை வைத்து அளந்திருக்க வேண்டும். அளக்கவில்லை என்றால் மேல் சுற்றுக்குப் போவதை இப்போதே நிறுத்துங்கள்.

சூடாகிறது

புது என்ஜின் இறுக்கத்தால் தொடக்கத்தில் சற்றுக் கூடுதல் சூடு காட்டலாம். நின்றால் சூடு, ஓடினால் தணிகிறது என்றால் விசிறியும் அதன் உறையும். ஓடும்போது ஏறுகிறது என்றால் ரேடியேட்டர், அல்லது தவறாகத் திருப்பிப் போட்ட ஹெட் கேஸ்கட்: சில என்ஜின்களில் முன்பின் மாறினால் நீர்த்துளைகள் அடைபடும். டைமிங் பின்தங்கியிருந்தாலும் வெப்பம் எக்ஸாஸ்ட் வழியே ஹெட்டில் இறங்கும்.

வால்வ் இடைவெளி குறைந்துகொண்டே போகிறது

தேய்ந்தால் இடைவெளி கூடும் என்பதுதான் எல்லாரும் எதிர்பார்ப்பது. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை எக்ஸாஸ்ட் வால்வுகளில் மட்டும் அது குறைகிறது என்றால், வால்வ் தன் இருக்கைக்குள் புதைந்துகொண்டிருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வார்த்த பழைய இரும்பு ஹெட்டுகளில், ஈயம் விட்டுப்போன எச்சமே இருக்கைக்குக் கவசமாக இருந்தது. ஈயமில்லாப் பெட்ரோலில், அதுவும் கூட்டிய சக்தியோடு நெடுஞ்சாலையில் விரட்டும்போது, அந்தக் கவசமில்லாத இரும்பு அரிபடும். இடைவெளியை அவ்வப்போது சரிசெய்துகொண்டு கொஞ்ச நாள் ஓட்டலாம். இடைவெளி முற்றிலும் மறைந்தால் வால்வ் மூடாது, விளிம்பு கருகும். ஹெட்டை இறக்கி, கடினப்படுத்திய எஃகு வளையங்களை எக்ஸாஸ்ட் இருக்கைகளாகப் பதிக்கச் சொல்லுங்கள். ஹெட் பட்டறையில் இருக்கும் அதே வேளையில் கைடுகளையும் அளக்கச் சொல்லிவிடுங்கள்.